வெற்றிலைக் கறை என்று நினைத்த புள்ளிகள்: ஒரு வயதான நாயின் வாய் நாற்றம்

இது காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர் ஒன்றில் நடந்தது. நான் அந்தப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர். ஆடு மாடுகளோடு தொடங்கிய தொழில்தான். இப்போது வருவதில் பாதிக்கு மேல் வீட்டு நாய்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர் வேண்டாம் என்றார்கள். நாயின் பெயரைப் போடலாம் என்றார் ஆச்சி: ரோசி.

நாயும் வீடும்

ரோசி வெள்ளை நிற ஸ்பிட்ஸ். நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லும் நாய்தான். பெண் நாய், வயது 11, எடை 8.4 கிலோ. கொஞ்சம் குண்டு. குட்டியாக இருந்ததிலிருந்து தடுப்பூசி போட்டது நான்தான்; அதன் நோட்டு முழுக்க என் கையெழுத்து.

வீடு பழைய காலத்து வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை போகும். அவ்வளவு பெரிய வீட்டில் இருப்பது மூன்றே பேர். எழுபதைத் தாண்டிய ஆச்சி, எண்பதைத் தொடவிருந்த அவர் கணவர், வீட்டோடு இருந்து வேலை பார்க்கும் ஓர் அம்மா. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். பகலில் வளவுத் தூண் ஓரம், இரவில் ஐயாவின் கட்டிலடி என்று ரோசிக்கு எல்லாம் வாடிக்கைப்படி நடக்கும். விடியற்காலை 5 மணிக்கு ஐயா காபி குடிக்கும்போது அதற்குப் பாலில் ஊறிய மேரி பிஸ்கட் இரண்டு. மத்தியானம் தயிர்சாதம். ஞாயிற்றுக்கிழமை குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய நல்லி எலும்பு.

பங்குனி முதல் ஆடி வரை

நாற்றம் பங்குனியில் தொடங்கியதாக ஆச்சி சொன்னார். முதலில் கருவாட்டின் மேல் பழி விழுந்தது, கருவாடு நின்றது. பிறகு முட்டை நின்றது. வயிற்றுப் பூச்சியாக இருக்கும் என்று கடையில் கேட்டுப் பூச்சி மாத்திரை மூன்று தடவை. வேப்பங்குச்சியால் பல்லைத் தேய்த்துப் பார்த்தார்கள். வீட்டார் பயன்படுத்தும் பற்பசையை விரலில் எடுத்துத் தடவினார்கள். சென்னை மருமகள் இணையத்தில் ஏதோ ஒரு பொடி வாங்கி அனுப்பினார், சாப்பாட்டில் தூவுவதற்கு. ஐந்து மாதம் இப்படியே போனது.

இதில் பற்பசையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாய்க்குத் துப்பத் தெரியாது, தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நாம் பயன்படுத்தும் பசையில் ஃபுளோரைடும் நுரைப்பானும் இருக்கும், சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பும் இருக்கும். சைலிடால் கொஞ்சம் போனாலும் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ரோசிக்கு எதுவும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

உணவை மாற்றி மாற்றிப் பார்த்ததில் வியப்பில்லை. வாய் நாறினால் வயிறு சரியில்லை என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்து முடிவு. நாய்க்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே காற்றுப் புகாத இடுக்கில் வளரும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. கூமுட்டை வாடை வருவது அதனால்தான். கருவாடு தின்ற வாடை மறுநாள் போய்விடும், இது போகாது.

ஆவணி: முதல் வருகை

ஆவணி மாதம் ரோசியைக் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். வந்த காரணம் தோல் அரிப்பு. மேசையில் ஏற்றியதும் வாடை எனக்கே அடித்தது. கேட்டேன். ஆச்சி சிரித்துவிட்டு, “வயசாயிருச்சு தம்பி. நமக்கே வாய் நாறுது, அதுக்கு நாறாதா?” என்றார்.

வாயைத் திறக்கப் போனேன், கடிக்க வந்தது. இடது பக்க உதட்டை மட்டும் ஒரு நொடி தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பற்களில் பழுப்பு நிறக் காரை கெட்டியாகப் படிந்திருந்தது, ஈறு சிவந்திருந்தது. வலது பக்கம் பார்க்கவில்லை. கூட்டம் அதிகமான நாள் என்பதற்கு மேல் இதற்கு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை.

பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றேன். “இந்த வயசில மயக்கமா? வேணாம், அது எந்திரிக்காமப் போயிட்டா ஐயா தாங்கமாட்டாக” என்றார் ஆச்சி. நான் வற்புறுத்தவில்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட், மெட்ரானிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளை 7 நாளைக்கு எழுதிக் கொடுத்தேன். மெட்ரானிடசோல் கடும் கசப்பு. மாத்திரை பட்டதும் நாய் நுரை தள்ளும், வீட்டில் பயந்துவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் நாற்றம் போனது. குடும்பத்துக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. மூன்றே வாரத்தில் திரும்பியது.

அது திரும்பத்தான் செய்யும். மருந்து கிருமியைக் குறைக்கிறது, கிருமி குடியிருக்கும் காரை அங்கேயே இருக்கிறது. கொத்தனார் பூசும் காரைக்கும் பல்லில் படியும் காரைக்கும் ஒரே பெயர் இருப்பது பொருத்தம்தான், இரண்டும் சுண்ணாம்புச் சத்து இறுகிய படிவம். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் அதற்குச் சொத்தைப் பல் குறைவு, காரை படிவது அதிகம். பல்லின் மேல் படியும் மெல்லிய மாவு இரண்டு மூன்று நாளில் இறுகத் தொடங்கிவிடும். இறுகியபின் துணியாலும் குச்சியாலும் போகாது.

கார்த்திகை: போனில் கொடுத்த மருந்து

கார்த்திகையில் ஆச்சி போன் செய்தார். தை மாதம் ஐயாவுக்குச் சதாபிஷேகம், வீடு நிறைய ஆள் வரும், நாயின் வாடை தாங்கவில்லை, அன்று கொடுத்த மாத்திரையையே திரும்பக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன்.

நாயைப் பார்க்காமல் இரண்டாம் முறை அதே மருந்து. இந்த நிகழ்வில் நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான். முதல் முறை மருந்து நின்றதும் நாற்றம் திரும்பியதே ஒரு தகவல். அந்தத் தகவலை நான் கையில் வாங்கவே இல்லை. இம்முறை நாற்றம் முழுதாகப் போகவுமில்லை. ஆச்சி அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை: சுவரில் புள்ளிகள்

சதாபிஷேகத்துக்காக வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். அந்த வீட்டு வளவுச் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது, ஈரத்துணியால் துடைத்தால் பளிங்கு போலாகும். துடைத்த மறுநாள் தூணடிச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில், செம்பழுப்புப் புள்ளிகள். பந்தல் போட வந்த ஆள் வெற்றிலை போடுபவர். அவரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அவர் இல்லையென்றார், யாரும் நம்பவில்லை. புள்ளிகளைத் துடைத்தார்கள், அடுத்த நாள் மறுபடி வந்தன. பந்தல்காரர் அன்று வேலைக்கே வரவில்லை.

கண்டுபிடித்தவர் வேலை பார்க்கும் அம்மா. சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் படுத்திருந்த ரோசி தும்மியது, புது ஈரத்தில் புதுப் புள்ளிகள் விழுந்தன. அவர் தன் முந்தானையால் நாயின் மூக்கைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். வலது துளையில் மட்டும் ரத்தம் கலந்த சளி, இடது துளை உலர்ந்திருந்தது.

விசேஷம் முடியட்டும் என்று நாயைக் கொல்லையில் கட்டிவைத்தார்கள். முடிந்த இரண்டாம் நாள் கொண்டுவந்தார்கள். இந்த முறை கூடவே அந்த அம்மாவும் வந்திருந்தார். நாய்க்குச் சோறு வைப்பவர் அவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா அக்கா?” என்று கேட்டேன்.

“ஐப்பசியிலேருந்தே ஒரு பக்கமாத்தான் மெல்லுது சார். தலையை இப்படிச் சாய்ச்சுக்கிட்டு. காஞ்ச பிஸ்கட்டை வாயில எடுக்கும், கீழ போட்டுரும். ஊற வச்சாத் திங்கும். தின்னு முடிச்சதும் மூஞ்சியைக் கொண்டுபோய்ப் படியில தேய்க்கும்.”

மூன்று மாதமாக எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரும் அவரைக் கேட்கவில்லை.

பரிசோதனை: எந்தெந்தச் சந்தேகங்கள்

ஒரு பக்க மூக்கிலிருந்து ரத்தம் என்றதும் மனதில் வரிசையாகப் பல வந்தன. உண்ணிக் காய்ச்சல் முதலாவது. நம் பகுதியில் அது சாதாரணம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும். அடுத்தது அட்டை. ஊருணியில் வாய் வைத்துக் குடிக்கும் நாய்க்கு மூக்கில் அட்டை ஏறி உட்காருவதுண்டு. ரோசி வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை, அதைத் தள்ளினேன். மூக்குக்குள் கட்டி, பூஞ்சைத் தொற்று இரண்டையும் தள்ள முடியவில்லை. வாயிலும் கட்டி இருக்கலாம். வயதான நாயின் வாயில் கரும்புற்று வரும், அதுவும் நாறும். எலும்புத் துண்டு மேலண்ணத்தில் குறுக்காகச் சிக்கிக்கொண்டிருக்கவும் இடமுண்டு. சிறுநீரகம் கெட்டால் வாயில் மூத்திர வாடையும் நாக்கில் புண்ணும் வரும். சர்க்கரை நோய் முற்றினால் பழம் புளித்தது போன்ற வாடை. ரோசியின் வாடை இந்த இரண்டிலும் சேரவில்லை, அழுகல் வாடைதான். ஆனாலும் மூக்கை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று ரத்தம் எடுத்தேன்.

துண்டில் சுற்றி அந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறக்க முயலவில்லை, வலது உதட்டை மட்டும் மெல்லத் தூக்கினேன். மேல் கோரைப் பல்லின் ஈறு பாதி வேர் தெரியும் அளவுக்கு மேலேறியிருந்தது. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு மெல்லிய கூரான பல். பால் பல். 11 வயது நாயின் வாயில் பால் பல்!

நிலைக் கோரைப் பல் ஐந்தாறு மாதத்தில் முளைக்கும்போது பால் கோரைப் பல் விழுந்துவிட வேண்டும். சின்ன இன நாய்களில் சிலவற்றுக்கு விழாது. இரண்டு பல்லும் நெருக்கி நிற்கும் சந்தில் சோறும் முடியும் அடைந்து ஈறு கெடும். கோரைப் பல்லின் வேர் நீளமானது, அதற்கும் மூக்கின் உட்பகுதிக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. ஈறு நோய் அந்தத் தகட்டை அரித்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி திறந்துவிடும். தும்மல், ஒரு பக்கச் சளி, ரத்தம் எல்லாம் அந்த வழியாகத்தான். சந்தேகம் இப்போது ஒரே இடத்தில் வந்து நின்றது. உறுதிசெய்ய மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாதி மாத்திரை

ரத்த முடிவு மறுநாள் வந்தது. தட்டணு 2.3 லட்சம், குறையில்லை. சர்க்கரை சரி. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் மட்டும் 1.9. இந்த எடை நாய்க்கு அது கூடுதல்.

சிறுநீரகம் கெட்டிருந்தால் கணக்கே வேறு. அதனால் ஒவ்வொன்றாக மறுபடி கேட்டேன். வேறு மருந்து ஏதாவது? இல்லை. வேறு டாக்டர்? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. மலம் எப்படி? “கொஞ்சம் கருப்பாப் போச்சு” என்றார் அந்த அம்மா. ஆச்சி சற்றுத் தயங்கி, விசேஷத்துக்கு முந்தின இரண்டு நாள் நாய் முகத்தைத் தேய்த்து அழுததைப் பார்க்கப் பொறுக்காமல், தன் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுத்ததாகச் சொன்னார். மாத்திரைப் பட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். டைக்ளோஃபினாக் 50 மில்லிகிராம்.

நமக்கு வலி போக்கும் அந்த மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். (மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் போடுவதை இந்தியாவில் 2006-ல் தடைசெய்தார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததுதான் காரணம். கழுகுக்காக வந்த தடை அடுப்படி அலமாரி வரைக்கும் எட்டவில்லை.) ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலியைக் கண்டுகொண்டவர் அவர், நான் அதற்கு முன் வலி மருந்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

முடிவு: பல் வேலையை 12 நாள் தள்ளிவைப்பது. வயிற்றுக்கு மருந்து, நாலு நாள் தோலுக்கடியில் சலைன், முழுக்க ஊறின சாப்பாடு. பல் தொற்றுக்கு மட்டும் ஆன்டிபயாடிக், இந்த முறை அறுவைக்கு முன்னேற்பாடாக. பன்னிரண்டாம் நாள் கிரியேட்டினின் 1.4. சிறுநீரின் அடர்த்தி 1.032, அதாவது சிறுநீரகம் நீரைச் செறிவாக்கும் வேலையைச் செய்கிறது. அதோடு அந்தக் கவலை இறங்கியது.

மயக்கம்: கொடுப்பதா, எங்கே

இதயத்தில் ஒரு சின்ன மர்மர் (துடிப்புக்கு நடுவே ஓர் இரைச்சல்) கேட்டது, ஆறில் இரண்டாம் நிலை. வயதான சின்ன நாய்களின் வால்வில் இது அடிக்கடி கேட்பதுதான். மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெருக்கவில்லை.

என் கிளினிக்கில் இருப்பது ஊசி மயக்கம். சைலசின், கெட்டமின் கலந்து கொடுப்போம். இளம் நாய்க்குக் கருத்தடை செய்ய அது போதும். 11 வயது, மர்மர், இரண்டு மணி நேரம் வாயில் தண்ணீரோடு வேலை என்றால் அது சரிவராது. சைலசின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும். மூச்சுக் குழாயில் டியூப் போடாமல் காரையைப் பெயர்த்தால் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போகும். பல் எக்ஸ்ரே என்னிடம் கிடையாது. கால்நடைக் கல்லூரி மருத்துவமனை என்றால் எங்களுக்கு ஒரத்தநாடு. குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள் மதுரையில் இருந்ததால் அங்கே வாயு மயக்கமும் பல் கருவிகளும் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் சிங்கப்பூர் மகன் ஒரு வீடியோ அனுப்பினார். நாய்களுக்கு முடி வெட்டுபவர் ஒருவர் நாயை மடியில் வைத்து, மயக்கமே இல்லாமல் காரையைச் சுரண்டி எடுக்கிறார், பல் முத்தாக வெளுக்கிறது. இதையே செய்யலாமே என்று கேட்டார். வீட்டுச் சுவரில் உப்புப் பூத்தால் மேலே வெள்ளையடித்தால் போதுமா என்று திருப்பிக் கேட்டேன். பழைய வீட்டுப் பிள்ளை, உடனே புரிந்துகொண்டார். நோய் ஈறுக்கு அடியில் இருக்கிறது. மேலே வெளுத்துவிட்டால் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள், வேர் அரிப்பது அப்படியே நடக்கும்.

ஆச்சியின் பயத்துக்கு என்னிடம் உறுதிமொழி எதுவும் இல்லை. ஆபத்து உண்டு, ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்ததில் அது குறைந்திருக்கிறது, பார்க்காமல் விட்டால் வலி நிச்சயம் என்று மட்டும் சொன்னேன். கடைசியில் ஒப்புக்கொண்டவர் ஐயாதான். “எனக்கு எழுபத்தஞ்சுல பல்லெல்லாம் எடுத்தாக. அதுக்கப்புறந்தான் நிம்மதியாத் தின்னேன்” என்றார்.

ஒரு நாள் வீண்

குறித்த நாளில் மதுரைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சீட்டு ஆச்சியிடம் இருந்தது. விடியற்காலை 5 மணிக்கு ஐயா வழக்கம்போல் காபியோடு உட்கார்ந்தார், வழக்கம்போல் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார். கார் மதுரையை நெருங்கும்போதுதான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். நிறைந்த வயிற்றோடு மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலில் ஏறும் என்பதால் அங்கே மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. நாலு நாள் கழித்து மறுபடி போனார்கள். அந்த முறை வேலை பார்க்கும் அம்மா முந்தின இரவு ரோசியைத் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாசி: அறுவை

என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் நானும் போயிருந்தேன்.

புரோப்போஃபால் கொடுத்து, மூச்சுக் குழாயில் டியூப் போட்டு, ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைத்தார்கள். சின்ன நாயின் உடல் சூடு சீக்கிரம் இறங்கும் என்பதால் சூட்டு மெத்தை. சொட்டு சொட்டாகச் சலைன். பல் ஒவ்வொன்றையும் சுற்றி அளவுகோல் விட்டு ஈறின் ஆழம் அளந்தார்கள். நல்ல ஈறில் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. வலது கோரைப் பல்லின் உட்புறத்தில் 11 மில்லிமீட்டர் வரை இறங்கியது. இறங்கியதும் வலது மூக்கிலிருந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. ஆவணியிலிருந்து நான் தேடாமல் விட்ட விடை அதுதான்.

நாய்க்கு நிலைப் பற்கள் 42. ரோசிக்கு 4 ஏற்கெனவே விழுந்திருந்தன. எக்ஸ்ரே பார்த்தபின் 11 பற்களும் அந்தப் பால் பல்லும் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று வலது மேல் கடைவாயில் எலும்பைக் கத்தரிக்கும் பெரிய பல். நல்லி எலும்பைக் கடித்ததில் பக்கவாட்டில் தகடாகப் பெயர்ந்து, உள்ளே சீழ் வைத்திருந்தது. வெளியே காரை மூடியிருந்ததால் உடைந்ததே தெரியவில்லை. எல்லா இடத்திலும் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். கோரைப் பல் எடுத்த பள்ளத்தின் அடியில் மூக்குக்குப் போகும் வழி இருந்தது. ஈறை மடலாகத் தூக்கி, இழுவிசை இல்லாமல் அதன்மேல் போர்த்தி, தானே கரையும் நூலால் தைத்தார்கள். மொத்தம் 2 மணி 20 நிமிடம். கட்டி எதுவும் இல்லை. மயக்கம் தெளிந்து அரை மணி நேரத்தில் தலை தூக்கிவிட்டது. ஆச்சி வெளியே உட்கார்ந்து கந்தர் சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

செலவு, போக்குவரத்து நீங்கலாக, 16 ஆயிரத்தைத் தொட்டது. நாற்றத்துக்காக அதுவரை வாங்கிய பொடி, மாத்திரை, ஷாம்பு எல்லாம் சேர்த்து 5 ஆயிரம் ஆகியிருக்கும் என்று மகன் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்.

பிறகு நடந்தவை

வலி மருந்தை நாய்க்குரியதாக, சிறுநீரகத்தை எண்ணி 3 நாளோடு நிறுத்தினோம். இரண்டு வாரம் குழைந்த சோறு, எலும்பில்லாமல் வேகவைத்த கோழி. வெங்காயம் கூடாது. சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும் என்பதை அப்போதுதான் இந்த வீட்டில் சொன்னேன். “குழம்புல போடாம எப்படி?” என்று கேட்டார் ஆச்சி. ரோசிக்கான கறியைத் தாளிக்கும் முன்பே தனியே எடுத்துவைப்பது என்று தீர்மானமாயிற்று.

மூன்றாம் நாளே நாற்றம் இல்லை. ஆறாம் நாள் ரோசி வாலை ஆட்டிக்கொண்டு முகப்பு வரை ஓடியதாகப் போன் வந்தது. எடுத்த பற்கள் எவ்வளவு நாளாக வலித்திருக்கும் என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சிக்கல். சதாபிஷேகத்துக்கு வந்து இன்னும் ஊருக்குத் திரும்பாத பேரன் ஒருவன், பழைய பழக்கத்தில், துண்டின் ஒரு முனையை நாய் வாயில் கொடுத்து இழுத்து விளையாடியிருக்கிறான். முன் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போனது. 3 மில்லிமீட்டர் ஓட்டை. தண்ணீர் குடித்ததும் தும்மல். தானாக மூடுகிறதா என்று ஐந்து வாரம் காத்திருந்தோம். சின்ன ஓட்டை சில சமயம் சதை வளர்ந்து மூடும். ஓரம் முழுக்கத் தோல் படர்ந்துவிட்டால் மூடாது. இது மூடவில்லை. விட்டால் சோறு மூக்குக்குள் போய்ச் சளி நிரந்தரமாகும்.

இரண்டாம் முறை மயக்கம் கொடுத்துத் தைக்க வேண்டும் என்று சொல்ல நான் தயங்கித் தயங்கித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். ஆச்சி காபி கொடுத்துவிட்டு, “அதுக்கென்ன தம்பி, தூங்கி எந்திரிச்சுக்கும். என்னைக்குப் போகணும்னு மட்டும் சொல்லுங்க, ஐயாகிட்ட பால் சொம்பை ஒளிச்சு வைக்கணும்” என்றார். 40 நிமிட வேலை. இந்த முறை தையல் பிடித்தது.

துலக்குவது

முதல் ஒரு மாதம் வாயில் கை வைக்க வேண்டாம் என்றோம். பிறகு விரலில் மல்லுத்துணியைச் சுற்றி ஈறை வெறுமனே தடவிப் பழக்கினார் வேலை பார்க்கும் அம்மா. அதற்கப்புறம் குழந்தைகள் பிரஷ், நாய்க்கென்று விற்கும் கோழிக்கறி வாசனைப் பசை. வாயைத் திறக்கத் தேவையில்லை, உதட்டைத் தூக்கி வெளிப்பக்கம் தேய்த்தால் போதும், உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். தினம் ராத்திரி ஒரு நிமிடம். அவர் ஊருக்குப் போன ஒரு வாரம் யாரும் தேய்க்கவில்லை. திரும்பி வந்ததும் மஞ்சள் படிந்திருப்பதை அவரே காட்டினார்.

இதை எழுதும்போது அறுவை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. 27 பற்களோடு ரோசி எல்லாம் தின்கிறது, ஊற வைக்காத பிஸ்கட் உட்பட. எடை 8.1 கிலோ. கிரியேட்டினின் 1.4-லேயே நிற்கிறது. மர்மர் அப்படியே இருக்கிறது. இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல்லின் ஈறு 5 மில்லிமீட்டர் ஆழம் காட்டியிருந்தது, அப்போது விட்டுவைத்தார்கள். அதை வரும் மாசியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எடுக்க வேண்டியிருக்கும்.

நான் மாற்றிக்கொண்டவை

குட்டிக்கு ஆறு மாதத்தில் தடுப்பூசி போட வரும்போது பால் பல் விழுந்ததா என்று பார்த்து நோட்டில் எழுதுகிறேன். ரோசியின் நோட்டைப் புரட்டினேன். அந்த வயதில் எடை, ஊசி, பூச்சி மருந்து எல்லாம் இருக்கிறது, வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று பார்த்திருந்தால் ஒரு பால் பல்லை எடுப்பதோடு முடிந்திருக்கும்.

இரண்டு பக்க உதட்டையும் தூக்காமல் வாய் நாற்றத்துக்கு மருந்து எழுதுவதில்லை. கடிக்கும் நாய் என்றால் இன்னொரு நாள் வரச் சொல்கிறேன். அதே மருந்தைப் போனில் இரண்டாம் முறை சொல்வதை நிறுத்திவிட்டேன், இதனால் இரண்டு மூன்று பேருக்கு என்மேல் கோபம்.

வீட்டில் யார் சோறு வைக்கிறார்கள் என்று கேட்டு, அவரையும் கூட்டிவரச் சொல்கிறேன். எந்தப் பக்கம் மெல்லுகிறது, எதைக் கீழே போடுகிறது, தும்முகிறதா என்ற மூன்று கேள்வியும் அவருக்குத்தான். வீட்டில் யாருக்காவது மூட்டுவலி மாத்திரை உண்டா என்பது நாலாவது கேள்வி. அதை, கொடுத்தீர்களா என்று கேட்காமல், எந்த மாத்திரை இருக்கிறது என்று கேட்கிறேன். அப்படிக் கேட்டால் பதில் வருகிறது.

பட்டினிச் சீட்டை இப்போது பெரிய எழுத்தில் இரண்டு படி எழுதுகிறேன். ஒன்று கொண்டு வந்தவரிடம். மற்றது, வீட்டில் முதலில் எழுந்திருப்பவரின் காபி டம்ளர் இருக்கும் இடத்தில் ஒட்டுவதற்கு.

பந்தல்காரரை ஆச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. கூலியை மட்டும் தம்பியை அனுப்பி வாங்கிக்கொண்டார்.